படகு கரை சேர்ந்ததும்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று பட்டறையில் பழுது பார்த்த ஒரு படகை ஓட்டிப் பார்க்கப் போனோம். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது.

“பேட்டரி போச்சா?” என்றார் படகுக்காரர்.

“விளக்கு எரியுதே அண்ணே. சாவிக்குப் போற வயர்லதான் கோளாறு.”

உப்பேறி அறுந்திருந்த வயரை நான் சுரண்டி முறுக்கியதும் எஞ்சின் கிளம்பிவிட்டது. பயப்படும்படி ஒன்றுமில்லை.

கரையேறியதும் பட்டறை போனில் பழக்கதோஷத்தில் அம்மா நம்பரை அடித்துவிட்டேன். மணி அடித்த பிறகுதான் அம்மா இல்லை என்பது உறைத்தது. நீங்கள் எடுத்தீர்கள். “யாருங்க? அவ இப்ப இல்லீங்க” என்றீர்கள். உடனே வைத்துவிட்டேன்.

அது நான்தான் அப்பா.

அம்மாவின் அந்த போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டு வையுங்கள். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

உங்கள் மகன்