கியருக்குச் சொன்ன ஓம்

மச்சாள்,

இன்று முற்பகல் இணுவில் சந்தியில் வானத்தில் ஒரு பொட்டு முகிலும் இல்லை. தார் உருகுகிற வெயில். அந்த வெயிலில் ஒரு வாடகைக் கார் வைப்பர் இரண்டும் ஆட ஆட வந்து திரும்பியது. முன் கண்ணாடித் தூசியில் அரைவட்டம் அரைவட்டமாகக் கீறல் விழ, உள்ளே இருந்தவர் எதை எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் என்னைப் பார்த்து, "கனடாவாலை ஆக்கள் வந்திட்டினம் போலை, ரீச்சர்" என்றார். நான் சிரித்தேன். சிரித்து முடிவதற்குள் உன் முகம் வந்துவிட்டது.

நீ போன பிறகு வருகிற முதல் திருவிழாக் காலம் இது. ஒவ்வொரு ஆவணியும் நீ வந்து என் காரை எடுத்தால் ஊருக்கே தெரியும். ரொறன்ரோவில் உன் காருக்குச் சிக்னல் தண்டு இடப்பக்கம். என் காருக்கு வலப்பக்கம். திரும்புகிற இடமெல்லாம் நீ இடப்பக்கத் தண்டைத் தட்டுவாய். வைப்பர் ஆடும், சிக்னல் விழாது, பின்னால் வருகிறவன் ஹோன் அடிப்பான். "உங்கடை ஊரிலை எல்லாத்தையும் மாறி வைச்சிருக்கிறியள்" என்று எங்களையே பேசுவாய். நீயும் இந்த ஊரில் பிறந்தவள் என்பது அந்த நேரத்தில் உனக்கு ஞாபகம் வராது.

கார்ப் பைத்தியம் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் பிடித்தது என்றுதான் நினைக்கிறேன். சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் உன் அப்பாவின் பழைய ஒஸ்ரின் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. மாமா இஞ்சினின் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் காட்டிவிட்டு உள்ளே ஏறி இருப்பார்; நீயும் நானும் பின்னால் நின்று தள்ள வேண்டும். அது இருமும், நிற்கும், திரும்ப இருமும், பிறகு ஒரு கறுத்த புகையை எங்கள் முகத்தில் அடித்துவிட்டு உறுமிக்கொண்டு போகும். ரியூசனில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருத்தியும் இருக்கமாட்டாள், அவ்வளவு மண்ணெண்ணெய் மணம். ஒருநாள் புகையைத் துடைத்துக்கொண்டு, தள்ளத் தேவையில்லாத கார் ஒன்று வாங்காமல் சாகமாட்டேன் என்றாய். வாங்கினாய்தான்.

கலியாணம் கட்டி ரொறன்ரோ போய்க் கனகாலத்துக்குப் பிறகு, அங்கே எல்லாரும் குடும்பத்தோடு போக வான் வாங்க, நீ சிவப்பு மஸ்டாங் வாங்கினாய். எட்டுச் சிலிண்டர். சேலை உடுத்திக் கோயிலுக்கு அதில் போய் இறங்குகிற படத்தை அனுப்பினாய். நான் இங்கே, சண்டையில் மூடிய பாதை திறந்த பிறகு, ஜப்பானிலிருந்து வந்து கொழும்பில் இரண்டு கை மாறிய ஒரு பழைய சிவிக்கை வாங்கினேன். நாலு சிலிண்டர், சின்ன இஞ்சின், ஆனால் உச்சத்துக்குப் போனால் வேறு குரலில் பாடத் தொடங்குகிற சாதி. அன்று தொடங்கியது எங்கள் வழக்கு. கணக்குப் படிப்பிக்கிற எனக்கே அதைத் தீர்க்க வழி தெரியவில்லை.

உனக்கு அமெரிக்கக் கார்தான் கார். கால் வைத்ததும் கேள்வி கேட்காமல் கிளம்ப வேண்டும், எந்தக் கியரில் கிடக்கிறது என்று யோசிக்கவே கூடாது. எனக்கு, இருக்கிற கொஞ்சத்தை வைத்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை உழைக்கிற ஜப்பான் இஞ்சின். உன் காரைப் பெற்றோல் குடிக்கிற பூதம் என்றேன். பனிக் காலம் முழுக்கப் போர்வைக்குள் படுத்துக் கிடக்கிற கார் என்ன கார் என்றும் கேட்டேன். நீ போனைக் காரின் பொனற்றுக்குக் கிட்டப் பிடித்து, இஞ்சினை உறுமவைத்துக் காட்டுவாய். அது எங்கள் வெங்காயத் தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மெஷின் பழுதாகப் போகும்போது போடுகிற சத்தம் என்று சொல்லுவேன். பிறகு என் முறை. போனை மதிலில் வைத்து நான் காலை அமத்த, பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நீ அங்கேயிருந்து, "எடி, கிரைண்டரிலை சம்பல் அரைக்கிறதை விட்டிட்டுக் காரை ஸ்ரார்ட் பண்ணு" என்றாய்.

இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒன்றுக்கும் நீ ஓம் போட்டதில்லை. நீ சொன்னதற்கு நானும் போட்டதில்லை. இங்கே வந்து என் காரை ஓட்டும்போதும் உனக்கு உன் வீம்பு. இஞ்சின் முணுமுணுக்கத் தொடங்கும் முன்பே அடுத்த கியரைப் போட்டுவிடுவாய். பெரிய இஞ்சினுக்குப் பழகிய கை. இந்தக் காரின் குரலைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லுகிறாய் என்று நான் கத்துவேன், நீ வைப்பரைப் போட்டுக்கொண்டு திரும்புவாய்.

போன வருடம் நீ வந்தபோது தலையில் துணி கட்டியிருந்தாய். அதற்கு முன்பே உன் வீட்டுக்காரர் எனக்குப் போன் எடுத்துவிட்டார். மருந்து ஏற்றி ஏற்றி உனக்குக் கால்விரல்களும் பாதமும் விறைத்துப்போய்விட்டன, கார் ஓட்டவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றார். "தங்கச்சி, என்ன சொன்னாலும் அவளிட்டைக் கார்த் திறப்பைக் குடுத்துப் போடாதையுங்கோ" என்றார். எனக்கு அண்ணை முறையான மனிதர், அழுகிற குரலில் கேட்கிறார். ஓம் என்றேன்.

நீ வந்து இறங்கிக் கை கழுவ முன்னமே கேட்டது திறப்பைத்தான். கோயிலுக்கும் வருகிறேன், சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்குகிறேன், எனக்கு ஒருக்கால் கார் ஓட்ட வேண்டும், இனி எப்போது ஓட்டப்போகிறேன் என்றாய். நான் தேத்தண்ணி ஊற்றப் போவதுபோல் குசினிக்குள் போய்விட்டேன். எனக்கு அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் துணிவில்லை. ஓம் என்று சொல்லவும் பயம். உன் பாதத்தை நானே அன்று பின்னேரம் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலைக் கிள்ளினேன், நீ விறாந்தையில் இருந்து வேறு கதை கதைத்துக்கொண்டிருந்தாய். கிள்ளியதே உனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் விடிய, சும்மா பண்ணைப் பாலம் மட்டும் போய்க் காற்று வாங்கிவிட்டு வருவோம் என்று கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். நீ பழக்கதோசத்தில், ரொறன்ரோவில் ஓட்டுகிறவர் ஏறுகிற இடப்பக்கக் கதவை நேரே போய்த் திறந்து ஏறி இருந்தாய். மற்ற வருடங்களில் ஓட்டப் போகிறவள் மாறி ஏறிவிட்டாள் என்று அதற்கே சிரித்துச் சாவோம். அன்று அதுதான் உனக்குரிய இடம், சிரிக்க ஒன்றும் இல்லை. நான் வலப்பக்கம் ஏறித் திறப்பைப் போட்டேன். அப்போது உன் வலக்கை தன்பாட்டில் வந்து கியர்க் கட்டையில் இருந்தது. ரொறன்ரோவில் அது இருக்கிற அதே இடம். நீ கையைப் பார்த்தாய், நான் கையைப் பார்த்தேன்.

"கியரை நான் போடுறன். மிச்சத்தை நீ பார்" என்றாய்.

இப்படி ஒரு கார் ஓட்டத்தை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் படிப்பிக்கமாட்டார்கள். கிளச், பிரேக், ஸ்ரியரிங் எல்லாம் நான், கியர் நீ. நான் கிளச்சை அமத்திப் "போடு" என்பேன். நீ போட்டுவிட்டு "ஓம்" என்பாய். அதற்குப் பிறகுதான் நான் காலை எடுப்பேன். கே.கே.எஸ். வீதியில் முதல் இரண்டு சந்தியிலும் கார் குதித்தது. பேப்பர் போடுகிற பெடியன் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு எங்களைப் பார்த்தான். கொக்குவில் தாண்டும்போது சீராகிவிட்டது. யாழ்ப்பாணம் வர நாங்கள் ஒரே ஆள்.

பண்ணைப் பாலத்தில் ஒரு குருவியும் இல்லை. இரண்டு பக்கமும் கடல், முழங்காலளவு தண்ணியில் மீனுக்குக் கட்டிய தடிகள், நடுவில் நேர்கோடாகத் தார். நான் காலை அமத்தினேன். மீற்றர் முள் பாதி வருவதற்குள் உன் கை கியரைத் தள்ளத் துடித்தது.

"பொறு" என்றேன்.

"எடி, இஞ்சின் கத்துதடி."

"கத்தேல்லை. இனித்தான் பாடப்போகுது. பொறு."

வாழ்நாளில் முதல்தடவையாக நான் சொன்னதைக் கேட்டாய். கை கட்டையின் மேலேயே இருக்க, கண்ணை மூடிக்கொண்டாய். முள் ஏறியது. சத்தம் மெலிந்து, கூர்ந்து, பிறகு திடீரென்று அடித்தொண்டை திறந்தமாதிரி வேறொரு குரல் வந்தது. கார் உன்னைச் சீற்றோடு சேர்த்து அமத்தியது. நீ கண்ணைத் திறந்து சிரித்தாய். ஒரு வருடமாக ஒருவரும் பார்க்காத சிரிப்பு அது, மச்சாள்.

"ஓம்" என்றாய்.

நான் கிளச்சை அமத்தவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. கட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

பாலத்தின் மறுகரையில் காரை நிற்பாட்டியதும், தீர்ப்பு வந்துவிட்டது, வழக்கு முடிந்தது என்று கூத்தாடினேன். நீ தலைத்துணியைச் சரிசெய்தாய். "உது கியருக்குச் சொன்ன ஓம்" என்றாய். எந்தக் கியருக்கு என்று கேட்டேன். நீ கண்ணாடியை இறக்கிவிட்டு, நான் கேட்காததைச் சொன்னாய்: "என்ரை கார் பின் சில்லாலை தள்ளுற கார். காலை வைக்கேக்கை, பின்னாலை நீ நிண்டு தள்ளுற மாதிரி இருக்குமடி. அதுதான் எனக்கு அதிலை விருப்பம்."

இதை முதலே சொல்லியிருந்தால் நான் அந்தக் காரை இவ்வளவு காலம் வைதிருப்பேனா?

நீ மாசிப் பனிக்குள் போய்விட்டாய். விசா கிடைத்து நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கவலை எனக்குப் போகவே இல்லை. ஆனால் உன்னை நினைத்தால் முதலில் வருவது அழுகை இல்லை, வைப்பர்தான். பாலத்தில் போகிற நாட்களில் கிளச்சை அமத்தி நானே கியரைப் போட்டுவிட்டு, உனக்காக "ஓம்" என்கிறேன். வாய் விட்டுத்தான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து, வயது போகப் போக எனக்குப் பக்தி கூடிவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். திருத்தவில்லை.

இன்று பின்னேரம் அந்த வைப்பர்க் கதையைச் சொல்ல உன் மகளுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்திருந்தது. அம்மா ஊரில் மட்டுமில்லை, ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்த பிறகும் ஒரு கிழமைக்கு வைப்பர் போட்டுத்தான் திரும்புவா என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு, "மாமி, ஒரு நிமிசம் பொறுங்கோ" என்று கராஜுக்குப் போனாள். போர்வையை இழுக்கிற சத்தம் கேட்டது. போனைப் பொனற்றுக்குக் கிட்டப் பிடித்திருக்க வேண்டும். உன் கார் ஒருதரம் இருமிவிட்டு, அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு நின்றது.

நக்கலடிக்க எடுத்த வாயை மூடிக்கொண்டேன். முழுதாகக் கேட்டேன். நல்ல சத்தம்தான். பின்னால் நின்று யாரோ தள்ளுகிறமாதிரித்தான் இருந்தது.

"எப்பிடி, மாமி?" என்று பிள்ளை கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அதிகம் துள்ளாதே. அதுவும் கியருக்குச் சொன்னதுதான், மச்சாள்.