பதினோராம் பாடம்

மார்ச் 4, செவ்வாய்
பாடத்திட்டக் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு மொழிப் புத்தகம். பதினெட்டுப் பாடங்களைப் பதினான்காகக் குறைக்க வேண்டுமாம்; அதில் ஒன்றிரண்டு புதிதாகவும் இருக்கலாமாம். "இருபத்தாறு வருஷ சர்வீஸ், உங்களை விட்டா யாரு டீச்சர்?" என்று தலைமையாசிரியர் ஐஸ் வைத்தார். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 11
முதல் கூட்டம். குழுவின் இளைய டீச்சர் நீக்க வேண்டிய பட்டியலை வாசித்தாள். அதில் பதினோராவது பாடமும் இருக்கிறது: 'மாமாவுக்கு ஒரு கடிதம்'. அதை எழுதியவள் நான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஏன்?

மார்ச் 12
இருபது வருடம். போன தடவை புத்தகம் மாறியபோது நானும் என் தோழியும் சேர்ந்து எழுதியது. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சிரிப்பு டீச்சர் — அவள் சிரித்தால் மூன்று வகுப்புக்குக் கேட்கும். மேசை போதாமல் நூலகத் தரையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு மண்டியிட்டிருந்தோம். கடிதத்தில் 'பூனை குட்டி போட்டிருக்கிறது' என்ற வரி வேண்டுமா வேண்டாமா என்று அரைநாள் சண்டை. பூனை ஜெயித்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

மார்ச் 17
இளைய டீச்சர் என் வகுப்பைப் பார்க்க வந்தாள். "யாராவது லெட்டர் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். ஒரே ஒரு கை. "எங்க அத்தைக்கு டாக்டர் எழுதிக் குடுத்தாரு டீச்சர். யாருக்குமே படிக்க வரல." வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.
வெளியே வந்ததும் வெடித்துவிட்டேன். "இத்தனை வருஷமா நான் நடத்தலையா?"
"நீங்க நடத்தினா நல்லாத்தான் இருக்கு அக்கா. நீங்க ரிட்டயர் ஆனதுக்கப்புறம்?"


மார்ச் 19
சிரிப்பு டீச்சருக்கு போன் செய்து புலம்பினேன். முழுதும் கேட்டுவிட்டு, "நாம பெரிய டீச்சரோட பாட்டை எடுத்தோமே, ஞாபகம் இருக்காடி?" என்றாள்.
இருக்கிறது. நாங்கள் முதலில் நீக்கியதே எங்கள் தலைமையாசிரியை எழுதிய பாட்டைத்தான். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "அந்தப் பாட்டுக்குப் போட்ட படத்தை மட்டும் எனக்குக் குடுத்துடுங்கம்மா" என்றார். வராந்தாவுக்கு வந்ததும் நாங்கள் அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தோம்.


மார்ச் 25
கடைசிக் கூட்டம். அது என் பாடம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, நீக்கலாம் என்று கையையும் தூக்கினேன்.
இளைய டீச்சர் முகம் மாறிவிட்டது. "அக்கா, அது நீங்களா? நான் ரெண்டாவது படிக்கிறப்போ அதைப் பார்த்துத்தான் எங்க மாமாவுக்கு எழுதினேன்."
"பதில் வந்துச்சா?"
"அவரே வந்துட்டாரு!"
 அந்த இடத்துக்குப் புதுப் பாடத்தை இருவரும் சேர்ந்து எழுத வேண்டும் என்று முடிவானது.

அக்டோபர் 8, புதன்
எங்கள் புதுப் பாடம் 'கேட்டு வா, சொல்லு' — பக்கத்து வீட்டில் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். இன்று முதல் தடவை நடத்தினேன். பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் தானாக எழுந்தாள். மாடி வீட்டு டிரைவர் மாமாவுக்கு இருட்டென்றால் பயமாம். அவருக்கு எட்டுத் தங்கச்சிகளாம். ஒவ்வொருத்தியைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தாள். மணி அடித்தும் நிறுத்தவில்லை. அப்போது ஐந்தாவது தங்கச்சி வரைக்கும்தான் வந்திருந்தாள்.
நான் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டேன்.