சித்தி வாங்கிய மதிப்பெண்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீயும் அங்கே அந்தத் தோள்பட்டை வலியைத் தவிர தலை முதல் கால் வரை நலம் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் மறைக்காமல் சொல். அக்காவுக்குப் புது அலுவலகத்தில் ஜன்னலோர இடம் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. மாடி வீட்டுக்காரர் மறுபடியும் குழாயை மூடாமல் வெளியூர் போய்விட்டார், நம் கூடத்துச் சுவரில் ஈரம் படர்வதைப் பார்த்துக்கொண்டு அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஏதோ கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பதுபோல.

அதெல்லாம் கிடக்கட்டும், சித்தி சமாசாரத்தைக் கேள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்களாம். மனிதருடைய அறிவுக்கும் குணத்துக்கும் என்ன தொடர்பு என்று பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறாள், அதற்குக் கூடப்பிறந்தவர்கள் ஜோடியாக வேண்டும். சித்தி கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஜெயிக்கலாம் என்றுதான் போனேன். சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் நான் கெட்டிக்காரி, அவள் நல்லவள். நான் வெடுக்கென்று பேசினால், மூளை உள்ள பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்பார் உன் தாத்தா. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் தங்கம் என்பார். என்னைப் படிக்க வைத்தார்கள், பல்செட் செய்யும் வேலைக்கு வந்தேன். அவள் பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டாள், பிறகு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குப் போனாள். முதலில் புதிர் கொடுத்தார்கள், கட்டம் கட்டமாகப் படங்கள், அடுத்து வருவது எது என்று சொல்ல வேண்டும். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன், சித்தி எப்போதோ முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். பிறகு குணத்தைப் பற்றி நூற்றிருபது கேள்விகள். எளிதில் கோபப்படுவீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று போட்டேன். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார், தாள் குலுங்கியது.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. நூறு பேரை நிறுத்தினால் தொண்ணூற்றாறு பேரை முந்திவிடுவாளாம் உன் சித்தி. நானும் மோசமில்லை, ஆனால் அவள் எங்கேயோ இருக்கிறாள். பிறருக்கு இணங்கிப்போகும் குணமோ அவளுக்குத்தான் குறைவாம். தாள் மாறியிருக்கும் என்று நானே போன் செய்தேன். மாறவில்லை, ஒருவருடைய குணத்தை வைத்து அறிவைச் சொல்லிவிட முடியாது, இரண்டும் பெரும்பாலும் தனித்தனி வழியில் போகிறவை என்றாள் அந்தப் பெண். சித்தி சிரித்தாள். "உள்ளுக்குள்ள கொதிக்கும்க்கா, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, அவங்க கேட்டாங்க, எழுதிட்டேன்" என்றாள். தாள் மாறியிருக்கும் என்று நான் சந்தேகப்பட்டது சுட்டதோ என்னவோ, அதோடு ஒன்பது நாள் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பத்தாம் நாள் மனசு கேட்காமல் சலவைப் பிரிவுக்கே போனேன். ஒரே நீராவி, வரிசையாகத் துணி வண்டிகள். குழந்தைகள் வார்டுக்கு இரண்டு போர்வை குறைகிறது என்று ஒருவர் வந்து நின்றார். மூன்றாவது வண்டியில் அடியில் பாருங்கள் என்றாள் திரும்பாமலே, அங்கேதான் இருந்தது. பதினான்கு வார்டுத் துணியும் அவள் தலைக்குள் இருக்கிறது. இருபது வருஷமாக இதைத்தான் நாங்கள் பொறுமை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம், இயந்திரச் சத்தத்தில் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. அவள் கையிலிருந்த தலையணை உறையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள், "உன்னைக் கெட்டிக்காரின்னு சொன்னதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. என்னை நல்லவள்னு சொல்லிட்டீங்க பாரு, அதுக்கப்புறம் எதுக்கும் முடியாதுன்னு என்னால சொல்லவே முடியல. ஸ்கூலை விடுன்னாங்க, அதுக்கும் சரின்னுட்டேன்." மேற்பார்வையாளர் வேலைக்கு இரண்டு தடவை கூப்பிட்டும், அதுக்கெல்லாம் மூளை வேணும் என்று அவளே மறுத்திருக்கிறாள். மறுநாளே போய்க் கேட்டாள், மூன்று மாதம் பார்க்கலாம் என்று கொடுத்திருக்கிறார்கள். இப்போது அவள் குரலே மாறிவிட்டது. நேற்று எனக்கே ஒரு அதட்டல் விழுந்தது, வாங்கிக்கொண்டேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், உன் அக்காவைப் படிப்பாளி என்றும் உன்னைத் தங்கப் பிள்ளை என்றும் சொல்லி வளர்த்தவள் நான்தான். போன மாதம் மாமா பையனை மூன்று மாதம் உன்னோடு தங்க வைத்துக்கொள் என்றேன், நான் முடிப்பதற்குள் சரிம்மா என்றாய். அந்த ஒற்றை அறையில் நீ ஒருவன் கால் நீட்டவே இடம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை கண்ணா. மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவர் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் எனக்கு அனுபவம் உண்டு. நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். தோள்பட்டை வலிக்கு மருத்துவரைப் பார். பதில் எழுதும்போது, முடியாதும்மா என்று ஒரு வரி எழுது. முடியும் என்று தோன்றினால் அதையும் எழுது, ஆனால் இரண்டு நாள் யோசித்த பிறகு.

அன்புடன்,
உன் அம்மா