பாஸ்தாவும் வடிகஞ்சியும்

அன்புள்ள டீனாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? போனில் சொன்னால் பிள்ளைகள் இருவர் காதிலும் விழுந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

லீவுக்கு நீங்கள் பெங்களூர் வரும்போது அவர்களுக்குப் பாஸ்தா செய்து தரவேண்டும் என்று ஆசை. ஞாயிறு சாயங்காலம் ஒத்திகை பார்த்தேன். பிள்ளைகளுக்குச் சத்தாக இருக்கட்டுமென்று பனீரையும் பாலையும் பூண்டோடு மிக்ஸியில் அடித்து, வெந்த பாஸ்தாவில் ஊற்றினேன். கால் மணி நேர வேலைதான். ஆனால் சுவருக்குப் பூசும் பட்டி மாதிரி இறுகி, கரண்டியோடு மொத்தமும் எழுந்து வந்தது!

காப்பாற்றியது நீதான். "கஞ்சிய கீழ கொட்டாதீங்க" என்று பதினோரு வருஷமாகத் திட்டுகிறாயே, அந்தப் பயத்தில் பாஸ்தா வடித்த தண்ணீரையும் குண்டானில் பிடித்து வைத்திருந்தேன். அதில் இரண்டு கரண்டி விட்டதும் வெண்ணெயாக இளகிவிட்டது.

கைப்பழக்கத்தில் நாலு பேருக்கு வேகவைத்திருந்தேன். வீட்டுக்காரர் கோவிந்தப்பா கீழேயிருந்து கிண்ணத்தோடு வந்தார். "சக்கத்தா கீதுப்பா டிரேவர், இன்னும் கொஞ்சம் போடு" என்றார். சக்கத் என்றால் கன்னடத்தில் பிரமாதம். சட்டியை வழித்துவிட்டுத்தான் போனார்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. வரும்போது மறக்காமல் மூன்று தட்டு எடுத்து வா. இங்கே என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

உன்
டிரேவர்
ஈஜிபுரா