ஞானமுத்து வக பேரீச்சம்பழம்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நேற்று முடிந்தது. என் நகக்கண்ணில் இன்னும் சாக்லேட் இருக்கிறது. கழுவ மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். அறுப்புக்கும் சாக்லேட்டுக்கும் என்ன சம்பந்தம் மக்ளே என்று கேட்பீர்கள். சொல்கிறேன், இடையில் பேசாதீர்கள்.

விளைச்சலின் முதற்பலனைப் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் விடுவார்கள் அல்லவா. தங்கராஜ் மாமா நம் நேந்திரன் வாழைக்குலையைத் தலைக்குமேல் தூக்கி, "ஞானமுத்து வக ஏத்தங்குலை" என்று கூவுவார். ஞானமுத்து கொடுத்தது என்று ஊருக்கே கேட்கும். நீங்களோ காதில் விழாதவர் மாதிரி துண்டால் முகத்தைத் துடைப்பீர்கள். அதைப் பார்க்கத்தான் நானும் அம்மாவும் முண்டியடித்து முன்னால் நிற்போம்.

நீங்கள் கர்த்தரிடம் போன பிறகு வந்த முதல் பண்டிகை இது. ரோட்டுக்கு எடுத்த நம் பாறசாலைத் தோட்டத்தின்மேல் இப்போது லாரி ஓடுகிறது. நானும் அம்மாவும் கழக்கூட்டத்தில் மாடி வீட்டில் இருக்கிறோம். கொண்டுபோக ஒரு கீரைத்தண்டுகூட இல்லை. வெறுங்கையோடு போனால் அந்த முற்றத்தில் உங்கள் பெயர் கேட்காது. 

"நீ சம்பளக்காரிதானே, கவர்ல போட்டுக் குடு" என்றாள் அம்மா.

"கவருக்கு யாரு பேரு கூப்பிடுவாங்க?" என்றேன்.

ஆபீஸில் ஒருத்தி தன் பிறந்தநாளுக்கு வீட்டில் செய்து கொண்டுவந்த சாக்லேட் பேரீச்சம்பழம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பழமும் முந்திரிப்பருப்பும் சாக்லேட் கட்டியும் வாங்கி வந்து மேசையில் பரப்பினேன். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஈத்தப்பழம் அறபிக்காரன் நட்டது. அண்டிப்பருப்பு கொல்லத்துக்காரன் வறுத்தது. சாக்லேட்டு கம்பெனிக்காரன் உண்டாக்கினது. இதுல ஒனக்குள்ளது என்னது பிள்ளே?"

"கை" என்றேன். இந்த வாய் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்து, அந்த இடத்தில் பருப்பை வைத்து அமுக்கி மூடினேன். வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை வைத்ததும் சாக்லேட் கட்டி இளகி, எண்ணெய் மாதிரி ஓடியது. முதல் பழத்தை முள்கரண்டியில் முக்கி எடுத்தேன். அது சொட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, பரப்பிவைக்கத் தாள் வாங்கவில்லை. தட்டில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

"சாலைக்குப் போயி கடையையே வாங்கினா, தாளு வாங்கல" என்று முனகிக்கொண்டே அம்மா கீழே இறங்கிப் போனாள். உங்கள் தோட்டத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு வாழைக்கன்றைப் பிடுங்கிவந்து, எங்கள் கார் நிறுத்துமிடத்தின் மதிலோரம் நட்டிருக்கிறாள். ஆளுயரம் வளர்ந்துவிட்டது, குலை தள்ளும் எண்ணமே அதற்கு இல்லை. அதிலிருந்து ஓர் இலையை அறுத்துவந்து, துடைத்து விரித்தாள். நான் ஒவ்வொன்றாக முக்கி அதன்மேல் வைத்தேன்.

இறுகியதும் ஒரு பழத்தை மெல்லப் பெயர்த்து, அடிப்பக்கத்தைத் திருப்பினேன். அப்பா, அதில் வாழையிலையின் வரிகள். ஒரு வரி விடாமல், மெல்லிசாக, பளபளவென்று. அடுத்ததிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. நான் எதுவுமே செய்யவில்லை. 

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, விரலால் தடவிப் பார்த்தாள். "கர்த்தாவே, அவரு உள்ள கேறி வந்துட்டாரு பாத்தியா" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகத் தானே எடுத்து ஒரு டப்பாவில் அடுக்கினாள்.

முற்றத்தில் கோழி, தேங்காய், சேனை எல்லாம் போன பிறகு என் டப்பாவின் முறை வந்தது. "இது என்னவாக்கும்?" என்றார் தங்கராஜ் மாமா. "பேக்கரிப் பலகாரமெல்லாம் முதற்பலனா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். எனக்குச் சுரீரென்று ஏறியது. விறுவிறுவென்று போய், ஒரு பழத்தை எடுத்துக் கவிழ்த்து மாமா உள்ளங்கையில் வைத்தேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"வாழ எலயில்லியா இது. எந்த வாழ பிள்ளே?"

"அப்பா நட்ட ஏத்தனுக்க கன்னு, மாமா."

அவர் பழத்தைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினார். பிறகு உங்கள் குலையைத் தூக்குகிற மாதிரியே, அந்த டப்பாவை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினார். "ஞானமுத்து வக பேரீச்சம்பழம்" என்று கூவினார்.  அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அப்புறம் நம் சபையாரைப் பற்றிச் சொல்லவா வேண்டும். ஏலம் எடுத்தவர், "சபைக்கே இருக்கட்டு, திரும்ப ஏலம் விடு" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்து எடுத்தவரும் அப்படியே செய்தார். ஒவ்வொரு முறையும் உங்கள் பெயர். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றதில் வெயிலை மறந்தே போனேன்.

கடைசியில் மாமா மூடியைத் திறந்தால், எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. வரியெல்லாம் போயே போயிற்று. எனக்கு அழுகை முட்டியது. இனி அதை எந்த வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. "வழியுது, ஆளுக்கொண்ணு எடுங்க" என்று மாமா டப்பாவை நீட்டினார். சிரித்தவரும் எடுத்தார். ஆராதனை நடத்திய ஐயர் அங்கியில் சொட்டாமல் குனிந்து நின்று தின்றார். கிடைக்காதவர்கள் மூடியை வழித்தார்கள்.

உங்கள் குலை எப்போதும் யாரோ ஒருவர் வீட்டுக்குத்தான் போகும். நேற்று முற்றமே விரலை நக்கிக்கொண்டு நின்றது. ஒரே ஓர் இலை இவ்வளவு செய்யுமா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள்?

வாழை குலை தள்ளுமோ, அதற்குள் ஃபிளாட் செக்ரட்டரி வெட்டச் சொல்வாரோ, தெரியாது. வெட்டினாலும் அடியில் கன்று வெடித்து முளைக்கும். எனக்கு ஓர் இலை போதும். நான் இருக்கிறவரை அந்த முற்றத்தில் உங்கள் பெயர் கேட்கும். நீங்கள் துண்டை மட்டும் கையில் வைத்திருங்கள்.

ஞானமுத்து வக,
மகள்.