பாட்டுக்கு அடியில் கேட்ட குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? நான் சுகம்.

இந்தக் கரையோர ரேடியோ நிலையத்தில் எனக்கு உட்கார்ந்த இடத்தில்தான் வேலை, கவலை வேண்டாம். கடலில் ஆபத்து என்றால் கூப்பிடுவதற்கென்றே எல்லா நாடுகளும் சேர்ந்து பதினாறாம் சேனலை ஒதுக்கி வைத்திருக்கின்றன. போன வாரம் மதியம் அதில் பாட்டு ஓடியது. ஏதோ படகில் மைக்கின் பொத்தான் அமுங்கிக் கிடந்திருக்கிறது. அப்படி அமுங்கிவிட்டால் நாம் எவ்வளவு கத்தினாலும் அவர்களுக்குக் கேட்காது.

பாட்டு மங்கியபோது அடியில் வேறொரு படகிலிருந்து ஒரு குரல் வந்தது. "தண்ணி உள்ள வருதும்மா, தம்பியும் கூட இருக்கான்." இருக்கும் இடத்தையும் சொன்னார். பாதியிலேயே பாட்டு மறுபடி ஏறி அதை மூடிவிட்டது.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே!" என்று கெஞ்சினேன். பாட்டுதான் கேட்டது.

காதில் விழுந்த பாதியை வைத்துத் தேடினார்கள். அண்ணன் கிடைத்தார். தம்பி கிடைக்கவில்லை.

நேற்று அவர் நிலையத்துக்கே வந்தார். "நான் சொன்னது கேட்டுச்சாம்மா?"

"பாதிதாண்ணே."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

அம்மாவிடம் ஆள் கிடைத்துவிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். ஹெட்போன் உரசிக் காதெல்லாம் புண். பழைய மெத்தென்ற பருத்தித்துணி இருந்தால் அனுப்புங்கள். அப்புறம், போனில் பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதீர்கள். அம்மா பாத்திரம் உருட்டுகிற சத்தமாவது கொஞ்ச நேரம் கேட்கட்டும்.

என் முறை வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்