பதினோரு மிளகாய்ச் செடிகள்

8 ஜூலை, செவ்வாய்
காலையிலிருந்து மழை. பசுமைக்கூடம் முழுக்க ஈரத்துணி நாற்றம். அறுபது மிளகாய்ச் செடிகளுக்கும் இலைக்கு அடியில், ஊசியில்லாத சிரிஞ்சால், இலைப்புள்ளிக் கிருமி ஏற்றியாயிற்று. நோய் தாங்கும் ரகத்துக்கான இரண்டு வருடக் கலப்பில் மிஞ்சிய விதைகள் இவ்வளவுதான். விரல் வலி. செல்வம் அண்ணன் தொட்டி தூக்கிக் கொடுத்தார். துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து காலை ஐந்து மணி லாரியில் வருகிற மனுஷர். மதியம் கேட்டரிங் சோறு, புளித்துப்போன சாம்பார். கொட்டிவிட்டேன்.

9, புதன்
பதினொன்று! பதினோரு செடிகளில் கிருமி ஏற்றிய இடம் மட்டும் ஒரே நாளில் காய்ந்து பழுப்புக் காகிதமாகிவிட்டது. ஓரம் கத்தரித்த மாதிரி. மற்ற நாற்பத்தொன்பதும் பச்சைப் பசேல்.

செல்வம் அண்ணன் முகம் சுளித்தார். "இதெல்லாம் செத்துருச்சேம்மா" என்றார். இதுதான் பிழைக்கிற செடி என்றேன். கிருமி நுழைந்த செல் தானே செத்துவிடும், பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை போகும், கிருமி அங்கேயே அடைபட்டுப்போகும். பச்சையாக நிற்பவை கிருமியை அடையாளமே காணவில்லை. இன்னும் ஐந்தாறு நாளில் எண்ணெய் பட்டதுபோல் நனைந்து இலை கொட்டும். அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுவா முடிவு பண்ணிச் சாவுதா?"

தலையாட்டினேன்.

மேனேஜரிடம் சொல்லப் போனால் காது கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை முதலீட்டாளர்கள் வருகிறார்களாம். மேஜையில் என் சிங்கப்பூர் ஒர்க் பாஸைப் புதுப்பிக்கும் பாரம், இன்னும் அவர் கையெழுத்தில்லாமல்.

10, வியாழன்
அரை நாள் லீவு. தேக்கா சந்தை. மீன்கடைத் தரையில் செதிலும் சளியுமாகத் தண்ணீர், செருப்புக்குள் ஏறிவிட்டது. கையில் வஞ்சிரம், அப்போது பார்த்து மேனேஜரின் மெசேஜ். புள்ளி விழுந்த அசிங்கமான செடிகளை எல்லாம் நாளைக் காலை செல்வத்தை விட்டு எடுத்துவிடுகிறேன், சரிதானே?

கூடாது என்று டைப் செய்தேன். அழித்தேன். ஓகே என்று அனுப்பினேன்.

காலை ஏழு மணிக்கே போய்ப் பதினொன்றையும் பின் அறைக்கு மாற்றிவிடலாம் என்று நினைப்பு.

11, வெள்ளி
தூங்கிவிட்டேன். புக்கிட் பாஞ்சாங்கில் பஸ் ஏறும்போதே எட்டு. போனால் முன்வரிசை பளிச்சென்று இருக்கிறது. பதினொன்றும் கறுப்புப் பையில், மேலே யாரோ போட்ட காபிக் கப், மீ கோரெங் நூடுல்ஸ் மிச்சம். உள்ளே கைவிட்டேன். கூழ். கிருமி ஏற்றிய செடியை எறியும்போது ப்ளீச் ஊற்ற வேண்டும். நான் கற்றுக்கொடுத்த விதி, அண்ணன் ஒழுங்காகச் செய்திருக்கிறார். பையை மறுபடி கட்டி வைத்தேன்.

வந்தவர்கள் பச்சைச் செடிகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், நோய் தாங்கும் செடி எங்கே என்று கேட்டார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, யார் தூக்கிப் போட்டது என்றார். எல்லார் முன்னாலும்.

மெசேஜ் இருக்கிற போன் என் பாக்கெட்டில். செல்வம் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மேனேஜருக்கு உண்மை தெரியும், ஆனாலும் தலையாட்டினார். அண்ணன் கொஞ்சம் தள்ளிக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார். கேட்டிருக்காது.

சீ. கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.

14, திங்கள்
நாற்பத்தொன்பதிலும் ஈரப்புள்ளி. உதிர்ந்த இலை காலில் மிதிபட்டு வழுக்குகிறது. பெருக்க ஆளில்லை, நானே அள்ளினேன். பாரத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது. செல்வம் அண்ணனை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சாக்கடைக் குழாய் வேலை.

மத்தியானம் அவரே போன் செய்தார்.

"என்னைய ஊருக்கே அனுப்பப் பாத்தாங்களாம்மா. நீங்க பேசினதாலதான் வேற எடம் குடுத்தாங்கன்னு எங்க சூப்பர்வைசர் சொன்னாரு. ஒங்கள மறக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அவரைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. இருக்கட்டும் அண்ணே என்றேன்.